பழைய மாசி பெர்குசன் 35 டிராக்டர்: கிளட்ச் விடும்போது வண்டி உதறினால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது

கிளட்சை எவ்வளவு பதமாக விட்டாலும் வண்டி ஒரே இழுப்பில் கிளம்புவதில்லை. பாய்கிறது, தயங்குகிறது, மறுபடி பாய்கிறது. ட்ரெய்லர் மாட்டியிருந்தால் பின்னால் இருப்பவருக்கு முதுகு போய்விடும். பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் "பிளேட் போச்சு, மாத்திடலாம்" என்பார்கள். பிளேட்டும் மாற்றுவார்கள். ஒரு போகம் முடிவதற்குள் அதே உதறல் திரும்பி வரும்.

காரணம் எளிது. பிளேட் பெரும்பாலும் குற்றவாளி இல்லை, அடிபட்டது. எண்ணெய் கசிவோ, கிளட்ச் கவரில் பிளேட்டை விடுவிக்கும் நெம்புகோல்களான விரல்களின் உயர வித்தியாசமோ, பிளேட் உரசும் ஃப்ளைவீலின் (எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) வளைந்த முகமோ அதைக் கெடுத்திருக்கும். அந்தக் காரணத்தை விட்டுவிட்டு பிளேட்டை மட்டும் மாற்றினால் புதிய பிளேட்டும் அதே வழியில்தான் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் பிளேட் கடைசிப் பக்கமாகத்தான் வருகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது மாசி பெர்குசன் 35, அதே குடும்பத்தில் டாஃபே நிறுவனம் இங்கே தயாரித்த 1035 வகையின் இரட்டைக் கிளட்ச். ஒற்றைக் கிளட்ச் வண்டிக்கும் வரிசை இதுதான், பிடிஓ (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் ஷாஃப்ட்) பற்றிய பகுதிகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

1. உதறல் கிளட்சிலிருந்துதான் வருகிறதா?

சமதளத்தில், எந்தக் கருவியும் மாட்டாமல் சோதியுங்கள். முதலில் நியூட்ரலில், பெடலைத் தொடாமல் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கேளுங்கள். அங்கேயே எஞ்சின் துள்ளினால் நாசில், டீசல் ஃபில்டர் பக்கம் போங்கள். துள்ளுகிற எஞ்சினை எந்தக் கிளட்சும் சீராக இழுக்காது.

அடுத்து இரண்டாம் கியரில் போட்டு பெடலை மெதுவாக விடுங்கள். பெடல் மேலே வந்துகொண்டிருக்கும்போது உதறினால் கிளட்ச். பெடல் முழுக்க மேலே வந்து கால் எடுத்த பிறகும் வண்டி வெட்டி வெட்டிப் போனால் அது கிளட்ச் இல்லை. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், கியர் பல் இடைவெளி என்று வேறு திசையில் தேட வேண்டும்.

இரட்டைக் கிளட்சில் இன்னொரு வசதி உண்டு. பெடலை மிதிக்கும்போது முதல் பாதியில் கியர்ப் பக்கம் விடுபடும், அடிவரை மிதித்தால் பிடிஓவும் விடுபடும். ஆகவே பெடல் அடியிலிருந்து எழும்போது முதலில் பிடிப்பது பிடிஓ, அப்புறம்தான் கியர். கியர் நியூட்ரலில் இருக்க, பிடிஓ லீவரைப் போட்டுப் பெடலை விட்டுப் பாருங்கள். கீழ்ப் பாதியில் உதறினால் பிடிஓ பிளேட், மேல் பாதியில் கியர் போட்டிருக்கும்போது மட்டும் உதறினால் கியர்ப் பக்கத்துப் பெரிய பிளேட், இரண்டிலும் உதறினால் எண்ணெயையோ விரல்களையோ சந்தேகப்படுங்கள். இந்தச் சோதனையின்போது பிடிஓ ஷாஃப்ட் அருகில் யாரும் நிற்கக் கூடாது. வேட்டி, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

2. பிரிக்காமலே சரிசெய்யக்கூடியவை

வண்டியை இரண்டாகப் பிரிப்பது ஒரு முழுநாள் வேலை. அதற்கு முன் கீழே உள்ள நான்கையும் பார்த்துவிடுங்கள்.

பெடல் விளையாட்டு: பெடலைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பு வருவதற்கு முன் சுமார் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இலகுவாக இறங்க வேண்டும். இதுவே இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது விரல்களைத் தள்ளும் பேரிங்) எப்போதும் விரல்களைத் தொட்டபடி சுற்றுகிறது, பிளேட் பாதிப் பிடியில் வழுக்குகிறது, சூடாகி அதன் முகம் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுபவர்களின் வண்டியில் பெடல் அளவு சரியாக இருந்தாலும் இதே கதி.

பெடல் எழும்பும் விதம்: எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை மிதித்து, கையால் பிடித்தபடி மெல்ல விடுங்கள். ஒரே சீராக வர வேண்டும். படிப்படியாக, சொரசொரவென்று வந்தால் குறுக்கு ஷாஃப்ட் புஷ் துருப்பிடித்திருக்கிறது அல்லது உள்ளே ரிலீஸ் பேரிங் உட்காரும் குழல் காய்ந்திருக்கிறது. உங்கள் கால் சீராக விட்டாலும் உள்ளே கிளட்ச் துண்டு துண்டாகத்தான் பிடிக்கும். புஷ்ஷுக்குக் கிரீஸ் கொடுத்து, பெடலைப் பலமுறை மிதித்து விடுங்கள். சில வண்டிகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) போல்ட்: இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் போல்ட் போட்டுப் பிணைத்ததுதான் உடம்பு. கார் மெக்கானிக் சொல்வதைக் கேட்டு எஞ்சின் மவுண்டிங் ரப்பரைத் தேடாதீர்கள், இதில் அது இல்லை. அதற்குப் பதில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தைச் சுற்றி எல்லா போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். இணைப்புக் கோட்டில் துருப்பொடி கோடாக வழிந்திருந்தால் அங்கே அசைவு இருக்கிறது.

அடித்துளை: பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்ப்லிட் பின்னும் உண்டு. உள்ளே கசியும் எண்ணெய் தேங்காமல் வெளியேறத்தான் அது. பின் ஆடினால்தான் அழுக்கு அடைக்காது. சேற்று உழவுக்கு இறங்கும்போது தண்ணீர் புகாமல் இருக்கத் துளையை அடைப்பார்கள், பிறகு திறக்க மறந்துவிடுவார்கள். டெல்டா பக்கத்து வண்டிகளில் இது மிகச் சாதாரணம். அடைப்பை எடுத்துவிட்டு, இரவு முழுக்க அடியில் ஒரு அட்டையை வையுங்கள்.

அட்டையில் கறுப்பாக, தண்ணீராக விழுந்திருந்தால் எஞ்சின் ஆயில், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். தேன் நிறத்தில், கொழகொழவென்று, கியர் ஆயில் வாசனையோடு இருந்தால் கியர்பாக்ஸ் முன் சீல். எது என்று இப்போதே எழுதி வையுங்கள். பிரித்த பிறகு இரண்டும் கலந்து ஒரே கறுப்பாகத் தெரியும்.

எஞ்சின் ஆயில் என்றால் பிரிக்கும் முன் எஞ்சினின் பிரீதரைக் கழற்றிக் கழுவுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். கியர் ஆயில் என்றால் அளவுக்கோட்டுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

3. பிரிக்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

வண்டி பாதியாக நிற்கும்போது உதிரிப் பாகம் தேடி டவுனுக்கு ஓடுவதுதான் இந்த வேலையில் வரும் பெரிய தலைவலி. ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல்கள், கிராங்க் பின்பக்க சீல், ஃப்ளைவீல் போல்ட்டின் மடக்குத் தகடுகள் ஆகியவற்றை முன்பே வாங்கிவிடுங்கள். பிளேட்டை மட்டும் பழையதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாங்குவது நல்லது. விட்டமும் ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டும் பிளேட்டும் கோர்க்கும் நீளப் பற்கள்) பல் எண்ணிக்கையும் வண்டிக்கு வண்டி மாறும்.

பூட்டும்போது பிளேட்டுகளை நடுவில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் ஒன்று கட்டாயம் வேண்டும். இரட்டைக் கிளட்சுக்கு அது படிப்படியான விட்டங்களோடு இருக்க வேண்டும்: நுனி பைலட் பேரிங்குக்கு, அடுத்தது பெரிய பிளேட்டுக்கு, கடைசி பிடிஓ பிளேட்டுக்கு. லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். கண்ணளவில் நடுவைப் பிடித்துவிடலாம் என்று கிளம்பியவர்கள் மாலை வரை கியர்பாக்ஸை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சமமான கான்கிரீட் தரை, சக்கரம் வைத்த ஜாக் ஒன்று, சாதா ஜாக் ஒன்று, கெட்டியான மரக்கட்டைகள், ஆப்பு இரண்டு, பெல் ஹவுசிங் போல்ட்டின் அதே மரையில் தலை வெட்டிய நீள ஸ்டட் இரண்டு. மண் தரையில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள், ஜாக் சரியும்.

4. இரண்டாகப் பிரிப்பது

பேட்டரி ஒயரை முதலில் கழற்றுங்கள். அப்புறம் பானெட், எஞ்சினிலிருந்து பின்பாதிக்குப் போகும் ஒயர்கள், மீட்டர் கேபிள், ஹீட் கேஜ் குழாய், ஆயில் கேஜ் குழாய், த்ராட்டில் ராடு, எஞ்சினை நிறுத்தும் கேபிள், டீசல் லைன். ஹீட் கேஜின் மெல்லிய செம்புக் குழாயை மடக்காதீர்கள், மடங்கினால் கேஜையே மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் இறக்கிவிடுங்கள். ஸ்டியரிங் இழுப்பு ராடுகளை முன் சக்கரப் பக்கத்திலும், ரேடியஸ் ராடுகளைப் பின்பக்கப் பிடிப்பிலும் விடுவியுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்து வைப்பது மறுபடி மாட்டும்போது கைகொடுக்கும்.

இப்போது ஆப்புகள். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி மாட்டப்பட்டது. முழு வண்டியாக இருக்கும்வரை பின்பாதிதான் எஞ்சினை நிமிர்த்திப் பிடிக்கிறது. பிரித்த அடுத்த நொடி எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆக்சிலுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் இடையே இரண்டு பக்கமும் ஆப்பை அடித்து இறுக்கிய பிறகே ஒரு போல்ட்டையும் தொடுங்கள். புதியவர்கள் மறப்பது இதைத்தான், ஆபத்தும் இதில்தான்.

எஞ்சின் சம்ப்புக்கு அடியில் கட்டையோடு ஜாக், கியர்பாக்ஸின் முன்பகுதிக்கு அடியில் சக்கர ஜாக். ஒரு பாதி அசையக் கூடாது, மற்றது உருள வேண்டும். எனக்குப் பின்பாதியை நகர்த்துவதுதான் பிடிக்கும், பெரிய சக்கரங்கள் கோணாமல் நேராக உருளும். முன் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள், கியர் நியூட்ரலில், பிரேக் விடுபட்டு இருக்கட்டும்.

இரு பக்கமும் ஒவ்வொரு போல்ட்டை எடுத்து அந்த இடத்தில் நீள ஸ்டட்டை முறுக்குங்கள், பிறகு மற்றவற்றை எடுங்கள். இணைப்பு விடவில்லையென்றால் கடப்பாரையைத் திணிக்காதீர்கள். எங்கோ ஒரு போல்ட் மிச்சம் இருக்கிறது, பெரும்பாலும் அடியில் அழுக்குக்குள். முழுக்க விடுபட்டதும் இரண்டடி பின்னால் உருட்டி, அந்தப் பாதிக்கும் கட்டை போடுங்கள். இடைவெளி திறக்கும்போது அதில் கையை விடாதீர்கள்.

5. துடைக்கும் முன் பாருங்கள்

இங்கே அவசரப்பட்டு டீசல் ஊற்றிக் கழுவினால் தடயம் எல்லாம் போய்விடும். காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய கிளட்ச் லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

கிளட்ச் கவருக்கும் ஃப்ளைவீலுக்கும் சேர்த்து சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி அடையாளம் போடுங்கள். மறுபடி அதே இடத்தில் பூட்டினால்தான் பேலன்ஸ் மாறாது. போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கம் தளர்த்தினால் ஸ்பிரிங் அழுத்தத்தில் கவர் வளையும், அது புதிய உதறலுக்கு விதை. கவர் வரும்போது பெரிய பிளேட் தனியாகக் கையில் விழும், பிடிஓ பிளேட் கவருக்குள்ளேயே இருக்கும்.

இனி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சூரியக் கதிர்போல் எண்ணெய்க் கோடு ஓடியிருந்தால் அது ஷாஃப்ட் வழியாக வந்தது. ஃப்ளைவீலுக்குப் பின்புறம், அதாவது எஞ்சின் பக்கம் நனைந்திருந்தால் கிராங்க் சீல். பிளேட் முகம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருந்தால் விரல்கள் ஒரே உயரத்தில் இல்லை, அல்லது ஏதோ வளைந்திருக்கிறது. முகம் முழுக்கப் பளபளவென்று கறுத்திருந்தால் வழுக்கிச் சூடேறியது. ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடங்கள் மட்டும் கடினமாகிவிட்டன. மேல் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் சாதாரண இடமும் கடினத் திட்டும் மாறி மாறி வரும்போது பிடியும் மாறி மாறி வரும்.

பிளேட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். நடு ஸ்பிரிங்குகள் கடகடத்தால் அந்தப் பிளேட் வேண்டாம். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டு மறுபடி மாட்டும் பழக்கம் உண்டு. முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். சூடேறியதும் லைனிங்கின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் மேலே வரும், உதறல் திரும்பும். எண்ணெய் குடித்த லைனிங்கை மாற்றத்தான் வேண்டும்.

6. எண்ணெய் வழியை அடைப்பது

கியர்பாக்ஸ் பக்கம் இரட்டைக் கிளட்ச் வண்டியில் இரண்டு சீல் உண்டு. ஒன்று பிடிஓவின் வெளிக்குழலைச் சுற்றி, இன்னொன்று அந்தக் குழலுக்குள்ளே உள் ஷாஃப்ட்டைச் சுற்றி. வெளிச் சீலை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை மறப்பது வழக்கமான தவறு. சீல் உதடு உரசும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதிய சீலும் அங்கே ஒழுகும். சீலைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ அமர்த்தினால் உதடு தேயாத இடத்தில் உட்காரும். மாட்டும்போது ஸ்ப்லைன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பற்கள் உதட்டைக் கிழித்துவிடும்.

கிராங்க் பின்பக்க சீல் பழைய பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினில் கயிறு வகை, இரண்டு பாதி ஹவுசிங்கில் உட்காரும். கயிற்றை எண்ணெயில் ஊறவைத்து, பள்ளத்தில் உருளைக் கம்பியால் உருட்டி அமர்த்துங்கள். ஒவ்வொரு முனையும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சமமாக வெட்டினால் இணைப்பில் ஒழுகும், நிறைய விட்டால் பாதிகள் முழுக்கச் சேராது.

7. ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும்

ஃப்ளைவீலின் முகத்திலும், பிளேட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டின் முகத்திலும் குறுக்கே நேரான ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் முகத்தைச் சமப்படுத்த வேண்டும். நீலத் திட்டுள்ள ஃப்ளைவீலைச் சாதா லேத்தில் கடைந்தால் கருவி கடினத் திட்டில் ஏறி இறங்கி மேடு விட்டுவிடும். அதற்கு கிரைண்டிங் செய்யும் இடத்துக்கே கொடுங்கள்.

முகத்துக்கும் கவர் உட்காரும் விளிம்புக்கும் இடையே படி இருக்கும் ஃப்ளைவீலில், முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ அதே அளவு விளிம்பிலும் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கும்.

கவரைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியிருந்தால் பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பிடித்த பிறகே நட்டுகளைத் தொட வேண்டும். உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் முகத்தில் அடித்தால் பல் போகும். பிரஸ் இல்லாதவர்கள் முழு அசெம்பிளியாக மாற்றிக்கொள்வது மலிவு.

8. பைலட் பேரிங், ஸ்ப்லைன்

பைலட் பேரிங் தேய்ந்தால் உள் ஷாஃப்ட்டின் நுனி நடுவை விட்டு ஆடும், பிளேட் கோணலாகப் பிடிக்கும். நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். மறுபடி பிரிக்க யாருக்கும் மனசு வராது.

ஸ்ப்லைனில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு பிளேட்டைச் சொருகித் தள்ளிப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினால் நழுவ வேண்டும். கிரீஸ் லேசாகத் தடவி, தடவியதைத் துணியால் துடைத்தும் விடுங்கள். மிச்சம் இருந்தால் சுழலும்போது தெறித்து நேராகப் பிளேட்டுக்குத்தான் போகும்.

9. விரல் உயரம்

உதறலை நிறுத்துவது பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான். மூன்று விரல்களும் ரிலீஸ் பேரிங்கை ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்று முந்தினால் பிரஷர் பிளேட் சாய்ந்து இறங்கி ஒரு பக்கமாகப் பிடிக்கும். புது அசெம்பிளி பெட்டியிலிருந்து வரும்போதே சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பெரிய பிளேட்டை ஃப்ளைவீல் பக்கம் என்று அச்சடித்த முகம் உள்ளே இருக்கும்படி வைத்து, டம்மி ஷாஃப்ட்டைச் சொருகி, கவரை அடையாளப் புள்ளி சேரும்படி வைத்து எதிரெதிராக இறுக்குங்கள். டம்மி இலகுவாக வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். விரல்களை ஒரு கட்டையால் பலமுறை அழுத்தி விடுங்கள், பாகங்கள் தத்தம் இடத்தில் உட்காரும்.

இனி எஞ்சினின் பின்முகத்தில் ஒரு போல்ட் துளையில் தடித்த கம்பி ஒன்றைப் பூட்டி, அதன் வளைந்த நுனி ஒரு விரலின் முனைக்கு நேரே வருமாறு வையுங்கள். கம்பியை அசைக்காமல் ஃப்ளைவீலைச் சுற்றி ஒவ்வொரு விரலையும் அதே நுனிக்குக் கொண்டுவந்து இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதுங்கள். மூன்றுக்கும் இடையே கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருகைச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்கி, மறுபடி அளவெடுங்கள். நட்டை இறுக்கும்போது திருகு கொஞ்சம் சுற்றிவிடும், அதனால் இறுக்கிய பிறகு எடுக்கும் அளவுதான் கணக்கு. பிடிஓ பக்கத்துத் திருகுகளின் இடைவெளிக்குத் தனி அளவு உண்டு. அசெம்பிளியோடு வரும் தாளைப் பார்த்து ஃபீலர் கேஜில் வையுங்கள், கண்ணளவு வேண்டாம்.

10. மறுபடி சேர்ப்பது

டம்மியை எடுத்துவிட்டு, நீள ஸ்டட்டுகள் வழிகாட்ட, பின்பாதியை மெல்ல உருட்டுங்கள். இரண்டு முகங்களும் மேலும் கீழும் ஒரே இடைவெளியில் இருக்கும்வரை ஜாக்கைத் திருத்துங்கள். ஸ்ப்லைன் பற்கள் சேரவில்லையென்றால் ஒருவர் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் சுற்றட்டும், இன்னொருவர் பின்னால் பிடிஓ ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டட்டும்.

கடைசி ஒரு அங்குலம் வராமல் நிற்கும்போது போல்ட் போட்டு இழுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். கியர்பாக்ஸின் எடை முழுவதும் பிளேட்டின் நடுவில் தொங்கி அது வளையும். இவ்வளவு செய்தும் புதிய பிளேட்டோடு உதறுகிற வண்டிகளில் பல இந்த அங்குலத்தில்தான் கெட்டவை. முகங்கள் கையாலேயே முழுக்கச் சேர்ந்த பிறகு போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். ஆப்பை அதற்கப்புறம்தான் தட்டி எடுக்க வேண்டும்.

11. பெடல் அளவும் பழக்குவதும்

பானெட் மாட்டும் முன்பே, தேவையான இணைப்புகளை மட்டும் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெடல் விளையாட்டை முதலில் சொன்ன அளவுக்கு வையுங்கள்.

முதல் சில மணி நேரம் சுமையில்லாமல், குறைந்த வேகத்தில் கிளப்பி நிறுத்திக் கிளப்பி ஓட்டுங்கள். லைனிங் முகத்தோடு பதிய அவகாசம் வேண்டும். நேராக ரோட்டவேட்டர் மாட்டி வயலில் இறக்கினால் பதியாத மேடுகள் மட்டும் சூடாகிக் கண்ணாடியாகிவிடும். லைனிங் பதியப் பதிய பெடல் விளையாட்டு குறையும், ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து திருத்துங்கள்.

குறுக்கு ஷாஃப்ட் நிப்பிளுக்கு கிரீஸ் கன்னில் ஓரிரு அழுத்தம் போதும், வழிய வழிய அடித்தால் உள்ளே விழும். அடித்துளையில் ஸ்ப்லிட் பின் ஆடுகிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். சேற்று உழவுக்கு அடைத்தால் கேஜ் வீலை (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) கழற்றும் அன்றே அடைப்பையும் எடுத்துவிடுங்கள்.